குச்சி எப்போது, கட்டு எங்கே?

ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு ஒடியும்போது எழும் சத்தம் பெரியதல்ல. பிஞ்சு பீன்ஸை இரண்டாக உடைக்கும்போது கேட்குமே, அந்த அளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு வருடப் பாடு இருக்கிறது. வேர் அழுகாமல் காப்பாற்றி, வெயில் சுடாத ஜன்னலாகப் பார்த்து இடம் மாற்றி, ஏப்ரல், மே வெக்கையைத் தாண்டவைத்து, கார்த்திகைக் குளிரில் இலைக்கு அடியிலிருந்து ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்த நாளில் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, பிறகு இரண்டு மூன்று மாதம் அது அங்குலம் அங்குலமாக வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் கொஞ்சம் நிமிர்த்திக் கட்டினால் அழகாக இருக்குமே என்று விரலால் வளைத்த விநாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அடுத்த தண்டுக்கு அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

பெருநகரங்களில் ஆர்க்கிட் இப்போது ஒரு பரிசுப் பொருள். புதுமனை புகுவிழா, பதவி உயர்வு, மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைப் பார்க்கப் போவது என்று எதற்கும் பூங்கொத்துக்குப் பதிலாக ஒரு தொட்டி கைமாறுகிறது. அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை ஃபெலனாப்சிஸ் கலப்பினங்கள். வரும்போதே பூந்தண்டு ஒரு பச்சைக் கம்பியோடு சேர்த்துச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிளிப்புகளால் பிடிக்கப்பட்டிருக்கும். பூக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நிற்கும். இரண்டு மூன்று மாதம் நின்றுவிட்டு அவை உதிர்ந்ததும் பல வீடுகளில் செடி குப்பைக்குப் போய்விடுகிறது. போகாத வீடுகளில்தான் பிரச்சினை ஆரம்பம். அடுத்த வருடம் வருகிற தண்டு யாருடைய கையும் படாதது. அது ஜன்னல் பக்கம் சாய்கிறது. பக்கத்து இலையின் அடியில் மாட்டிக்கொள்கிறது. மொட்டு கனத்ததும் தொட்டியையே கவிழ்க்கப் பார்க்கிறது. கடையில் வாங்கியபோது இருந்த ஒழுங்கு எங்கே போயிற்று என்று வீட்டுக்காரர் திகைக்கிறார். அது நர்சரிக்காரர் கொடுத்த ஒழுங்கு. செடி அதற்கு ஒருபோதும் பொறுப்பேற்றதில்லை.

வாழைக் குலைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுப்பதையும் பாகலுக்குப் பந்தல் போடுவதையும் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுபவம் ஆர்க்கிட்டிடம் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. பாகல் கொடிக்குப் பற்றுக்கம்பி உண்டு. ஒரு நூலைக் காட்டினால் அதுவே சுற்றிக்கொண்டு ஏறிவிடும். வாழை, குலை தள்ளிக் கனத்த பிறகுதான் சாய்கிறது. அப்போது முட்டுக் கொடுத்தால் போதும். ஃபெலனாப்சிஸ் தண்டு எதையும் பற்றிக்கொள்ளாது. கனத்த பிறகு முட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் தண்டு முற்றிப்போய் வளையாது. மொட்டு விரியும் சமயத்தில் திருப்பினால் பூவும் கெட்டுவிடும்.

கெடுவது எப்படி என்பது சுவாரஸ்யமான சங்கதி. ஆர்க்கிட் பூவில் மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்ட ஓர் இதழ் உண்டு. உதடு என்று அதைச் சொல்வார்கள். பூச்சி வந்து உட்காரும் திண்ணை அது. மொட்டுக்குள் உருவாகும்போது பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் இந்த உதடு மேல்பக்கம் இருக்கிறது. மொட்டு பருக்கும் நாட்களில் அதன் காம்பு மெல்ல முறுக்கிக்கொண்டு அரைவட்டம் திரும்புகிறது. உதடு கீழே வந்து சேர்கிறது. எது மேல், எது கீழ் என்பதைப் புவியீர்ப்பை வைத்துத்தான் மொட்டு கண்டுகொள்கிறது. இந்தத் திருப்பம் முடிந்து பூ விரிந்துவிட்டால் மறுபடி சரிசெய்துகொள்வது அதற்கு அநேகமாக இயலாத காரியம்.

ஆகவே ஜன்னல் பக்கம் வளைந்து வளர்ந்த தண்டில் நான்கு பூ மலர்ந்து, இன்னும் ஐந்து மொட்டு பாக்கி இருக்கும்போது அதை இழுத்து நிமிர்த்திக் கட்டினால் என்ன ஆகும்? முதல் நான்கு பூக்களும் கூரையைப் பார்க்கும். பாதி திரும்பிய மொட்டுகள் பக்கவாட்டில் விரியும். கடைசி மொட்டுகள் மட்டும் புது நிலைக்குத் தக்கபடி திரும்பி நேராகப் பூக்கும். ஒரே தண்டில் மூன்று திசை. விருந்தாளி வருகிறார் என்பதற்காகத் தொட்டியைச் சுவர்ப்பக்கத்திலிருந்து அறையைப் பார்க்கும்படி திருப்பி வைப்பதும் கிட்டத்தட்ட இதே குழப்பத்தைத்தான் தருகிறது. தண்டு வெளிச்சத்தைத் தேடி மறுபடி வளைய ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாம்பு போல நெளிந்திருக்கும்.

இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். தண்டு எட்டிப் பார்த்ததும் தொட்டியின் விளிம்பில், ஜன்னல் பக்கம் எதுவோ அங்கே ஒரு கோடு. தண்ணீர் விடக் குளியலறைக்கு எடுத்துப் போனாலும், தரை துடைக்க நகர்த்தினாலும் கோடு மறுபடி ஜன்னலைப் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவைப்பது நல்லது. பல நெளிந்த தண்டுகளுக்குக் காரணம் வெள்ளிக்கிழமை வீடு கழுவியதுதான்.

முதலில் அது தண்டுதானா என்று பார்க்க வேண்டும். வேரும் இலையடியிலிருந்து இதே மாதிரிதான் புறப்படுகிறது. வேரின் நுனி உருண்டு, பச்சையாகவோ செம்மையாகவோ பளபளக்கும். பின்பகுதி சீக்கிரமே வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறை போல ஒரு பக்கம் பிளந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் பொறுத்தால் தெரிந்துவிடும். வேருக்குக் குச்சி நட்டுவிட்டு மலருக்காகக் காத்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இரவு வெப்பம் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில வாரம் தொடர்ந்தால் தண்டு புறப்படும் வாய்ப்பு அதிகம். பெங்களூருக்கும் புனேக்கும் இது சிரமமில்லாமல் கிடைக்கிறது. சென்னைக்காரர்களும் மும்பைக்காரர்களும் டிசம்பர், ஜனவரியை நம்பியிருக்க வேண்டும்.

தண்டு நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் குச்சியை நட்டுவிடலாம். கட்ட அவசரமில்லை. முன்கூட்டியே நடுவதற்குக் காரணம் வேர்தான். தண்டு சிறியதாக இருக்கும்போது தொட்டிக்குள் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து, குச்சியைத் திருகித் திருகி, எதிர்ப்பு தட்டினால் எடுத்து வேறு இடத்தில் இறக்க முடியும். பூவும் மொட்டுமாக இருக்கும்போது அவசரத்தில் குத்தினால் இரண்டு மூன்று தடித்த வேர்கள் போய்விடும். அதுவும் செடிக்குச் சாப்பாடு அதிகம் தேவைப்படும் வேளையில்.

குச்சியை எப்போதும் செங்குத்தாகத்தான் நட வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கேதான் பாதித் தண்டுகள் ஒடிகின்றன. தண்டு இலையடியிலிருந்து பக்கவாட்டில் புறப்பட்டுப் பிறகுதான் மேலே எழுகிறது. நடுவில் நேராக நிற்கும் குச்சிக்கு அதை இழுத்து வந்தால் முழு விசையும் அடியில், தண்டு செடியோடு சேரும் மூட்டில் விழுகிறது. மூட்டு பிய்ந்துவிட்டால் ஒட்டவைக்க வழியே இல்லை. தண்டு எந்தச் சாய்வில் போகிறதோ அதே சாய்வில் குச்சியை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தண்டைக் குச்சியிடம் இழுத்து வரக் கூடாது. நிமிர்த்தியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஆனால் ஒரே நாளில் இல்லை. இன்றைக்கு ஒரு விரல்கடை, மூன்று நாள் கழித்து இன்னொரு விரல்கடை என்று இரண்டு வாரத்தில் கொண்டுவரலாம். காலையில் தண்ணீர் விட்டவுடன் தண்டு விறைத்து, கண்ணாடி மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, பிற்பகலில், ஒரு கையின் கட்டைவிரலால் அடிமூட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வளைத்தால் ஓரளவு இணங்கும்.

முதல் கட்டு கீழிருந்து இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே. தண்டின் அடிப்பகுதிதான் முதலில் வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது. நுனி கடைசிவரை நீண்டுகொண்டே இருக்கும். நுனிக்குப் பக்கத்தில் கட்டினால் வளர இடமில்லாமல் அது வில்லாகப் புடைக்கும், இல்லை கட்டிலேயே உரசிக் காயப்படும். ஒவ்வொரு மூன்று நான்கு அங்குல வளர்ச்சிக்கும் ஒரு கட்டு என்று மேலே போய், முதல் மொட்டுக்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தண்டைச் சும்மா விடுவதே நல்லது. கட்டு, எட்டு எண் வடிவத்தில்: ஒரு வளையம் குச்சியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், மறு வளையம் தண்டைத் தளர்வாகச் சூழ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நூல் குறுக்கே போவதால் தண்டு குச்சியில் உரசாது.

எதனால் கட்டுவது என்பதில் இந்திய வீடுகளில் கற்பனைக்குப் பஞ்சமில்லை. கம்பளி நூல், பழைய வேட்டியைக் கிழித்த நாடா, ரொட்டிப் பாக்கெட்டின் வாயைச் சுற்றிவரும் கம்பி, ஃபேன்ஸி ஸ்டோரில் டஜன் கணக்கில் கிடைக்கும் குட்டி ஹேர் கிளிப் எல்லாமே பயன்படும். கிளிப்பாக இருந்தால் தண்டு அதன் உள்வளைவில் சும்மா கிடக்க வேண்டும். பல் கடிக்கக் கூடாது. நனைத்த வாழைநாரும் நல்ல கட்டுதான், பூக்கட்டிப் பழகிய விரல்களுக்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அது தொடர்ந்து ஈரம் பட்டால் மட்கிப்போகும் என்பதால் நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கூடாதவை இரண்டு: ரப்பர் பேண்டும் தையல் நூலும். ஒன்று இறுக்கும், மற்றது அறுக்கும்.

குச்சிக்கு மூங்கில் போதும். கொஞ்சம் தடித்த தென்னை ஈர்க்கு, சிறிய ரகங்களுக்குத் தாங்கும்; பெரிய பூ ரகங்களுக்குத் தாங்காது. பழைய குடைக்கம்பி நன்றாகவே உழைக்கும், துருவைத் தேய்த்துவிட்டுப் பச்சை பெயிண்ட் ஒரு கை பூசினால். தாமிரக் கம்பியைத் தவிர்க்க வேண்டும். ஆர்க்கிட்டுகளுக்குத் தாமிரம் ஒத்துக்கொள்வதில்லை. எந்தக் குச்சியானாலும் மேல் நுனியில் ஒரு தக்கையோ தெர்மோகோல் உருண்டையோ செருகிவைப்பது அவசியம். பூவை முகர்ந்து பார்க்கக் குனிகிற குழந்தையின் கண்ணும், தண்ணீர் விடக் குனிகிற பாட்டியின் கண்ணும் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

புத்தகங்கள் அதிகம் பேசாத இடைஞ்சல் ஒன்று இந்தியத் தொட்டிகளில் உண்டு. இங்கே ஆர்க்கிட்டை மண்ணில் வைப்பதில்லை. கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் வைக்கிறார்கள். காற்றோட்டத்துக்கு அது சரி. குச்சிக்கு அதில் பிடிமானம் கிடையாது. ஆடுகிற குச்சி, குச்சியே இல்லாததைவிட மோசம். காற்றடிக்கும்போதெல்லாம் அது உள்ளே வேர்களை நெருடிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண்தொட்டியாக இருந்தால் ஓர் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுக் குச்சியின் அடியைத் தொட்டியின் உள்சுவரோடு கட்டிவிடலாம். பிளாஸ்டிக் தொட்டியானால் விளிம்புக்கு அடியில் இரண்டு துளை போட்டு அதே வேலையைச் செய்யலாம். இலேசான பிளாஸ்டிக் தொட்டியைத் தண்டோடு அப்படியே ஒரு கனமான மண்சட்டிக்குள் இறக்கி வைத்தால் கவிழும் பயமும் போய்விடும். ஏழாவது மாடி பால்கனிக்கு இது கட்டாயம்.

நிமிர்த்திக் கட்டுவது எதற்காக என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1825-ல் இந்தச் செடி இனத்துக்கு ஃபெலனாப்சிஸ் என்று பெயர் வைத்தவர் கார்ல் புளூம். கிரேக்க மொழியில் அந்துப்பூச்சியைப் போன்றது என்று அர்த்தம். இது காட்டில் மரத்தண்டைப் பற்றிக்கொண்டு வளர்வது. இலைகள் கீழ்நோக்கித் தொங்கும், குருத்தில் விழும் மழைநீர் அப்படியே வடிந்துவிடும். தண்டு மரத்திலிருந்து வெளியே நீண்டு வில்லாகச் சரியும். அந்த வளைவில் இரண்டு வரிசையாக அமரும் பூக்கள் காற்றில் அசையும்போதுதான் அந்துப்பூச்சிக் கூட்டம் என்ற பெயருக்கு அர்த்தம் விளங்கும். தொட்டியில் நட்டு நிமிர்த்தி வைத்ததே மனிதனின் சௌகரியத்துக்காக. அதனால்தான் தொட்டிச் செடியில் குருத்துக்குள் தண்ணீர் தேங்கி அழுகுகிறது. அதனால்தான் தண்டுக்கும் முட்டுத் தேவைப்படுகிறது.

இந்த வளைவைக் கலையாகவே ஆக்கிவிட்டவர்கள் ஜப்பானியர்கள். புதுக் கடை திறந்தாலோ ஒருவர் நிறுவனத்தில் பெரிய பதவிக்கு வந்தாலோ அங்கே வெள்ளை ஃபெலனாப்சிஸ் அனுப்புவது சம்பிரதாயம். கொச்சோரான், அதாவது வண்ணத்துப்பூச்சி ஆர்க்கிட், என்பது அங்கே அதன் பெயர். மூன்று தண்டுகள், மூன்றும் ஒரே அளவில் வளைந்த கம்பியில் பிடிக்கப்பட்டு, அருவி விழுவது போலப் பூ வரிசைகள். பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நர்சரியில் மொட்டு அரும்பும் முன்பே தொடங்கி நாள்தோறும் கவனித்துச் செய்கிற வேலை. வீட்டில் ஒரு செடி வைத்திருப்பவருக்கு அந்தப் பைத்தியம் வேண்டியதில்லை. அடிப்பாதிக்கு ஒரு சாய்வான குச்சி, மேல்பாதிக்குச் சுதந்திரம் என்பதே பூவுக்கும் அழகு, செடிக்கும் நிம்மதி. விளக்குமாறு போல உச்சிவரை விறைப்பாகக் கட்டப்பட்ட தண்டைப் பார்த்தால் பூக்கள் ஏதோ தண்டனை அனுபவிப்பது போல இருக்கிறது.

குச்சியே கூடாத ஆர்க்கிட்டுகளும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் கட்டிப் போடுகிற ஆர்வம் சிலரிடம் இருக்கிறது. அஸ்ஸாமில் கொபௌ ஃபூல் என்று கொண்டாடப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா முக்கியமான உதாரணம். அந்த மாநிலத்தின் மலர் அது. ஏப்ரல் நடுவில் போஹாக் பிஹு வரும்போது இதுவும் பூக்கிறது. பிஹு ஆடும் பெண்களின் கொண்டையைச் சுற்றி வளைந்து நிற்பது இந்தப் பூச்சரம்தான். நூறு பூவுக்கு மேல் நெருக்கமாக அடுக்கிய சரம், நரிவால் போலக் கீழே தொங்கும். அங்கே வீட்டு முற்றத்து மரத்தில் செடியைக் கட்டிவிடுகிறார்கள். மற்றதை அது பார்த்துக்கொள்கிறது. இதைத் தரையில் தொட்டியில் வைத்துவிட்டு, சரம் தொங்குகிறதே என்று குச்சியில் தூக்கிக் கட்டினால் பூவெல்லாம் முறுக்கிக்கொண்டு அலங்கோலமாகிவிடும். செய்ய வேண்டியது தொட்டியை உயரத்தில் மாட்டுவது. தென்னிந்தியக் காடுகளிலும் வளரும் சிம்பிடியம் அலோய்ஃபோலியத்துக்கும், டார்ஜிலிங் பக்கத்து வெள்ளைச் சீலோஜைன் கிரிஸ்டாட்டாவுக்கும் இதே விதி. தென் அமெரிக்க ஸ்டான்ஹோப்பியா இன்னும் ஒரு படி மேலே போய், தன் தண்டைத் தொட்டிக் கலவைக்குள்ளேயே இறக்கி அடிவழியாகப் பூக்கிறது. சுற்றிலும் அடைத்த தொட்டியில் வைத்தால் மொட்டு உள்ளேயே மடிந்து போகும். கம்பிக்கூடையில்தான் அதற்கு வாழ்வு.

சிக்கிம், காலிம்பாங் பக்கத்துப் பெரிய சிம்பிடியம் கலப்பினங்கள் வேறு ஜாதி. குளிர் தேசத்துச் செடி. தண்டு தடிமனாக இருப்பதைப் பார்த்துப் பலமானது என்று நம்பிவிடக் கூடாது. இளசாக இருக்கும்போது ஃபெலனாப்சிஸைவிடச் சுலபமாக ஒடியும். பூவும் பாரம். குமிழின் அடியிலிருந்து புடைத்துக்கொண்டு வருவது தண்டு, தட்டையாகப் பிரிந்து வருவது புது இலை என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். சிக்கிமில் பாக்யோங்கில் 1996-ல் அமைந்த தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையத்தைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் இது அலங்காரச் செடி மட்டுமல்ல, வருமானமும்கூட. பூச்சந்தையில் தண்டின் நீளத்தையும் பூக்களின் எண்ணிக்கையையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கோணிய தண்டுக்குக் கிராக்கி குறைவு. வீட்டின் பின்புறம் நாற்பது தொட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, சரியான வாரத்தில் நடப்பட்ட மூங்கில் குச்சி என்பது பண விஷயம். அங்கே குச்சியை மட்டும் கவனித்தால் போதாது. இரவில் ஊரும் நத்தை ஒரே இராத்திரியில் மொட்டையெல்லாம் தின்றுவிடும். தண்டின் அடியில் பஞ்சை வளையமாகச் சுற்றிவைப்பது பழைய உபாயம். அதன் மேல் நத்தை ஏறத் தயங்கும். பஞ்சு நனைந்தால் மாற்ற வேண்டும்.

கேரளத்து வீடுகளில் மொட்டை மாடி நிறைய வளரும் டென்ட்ரோபியத்துக்குப் பூந்தண்டைவிட, கரும்பு போல நிற்கும் செடித்தண்டுக்குத்தான் முட்டு வேண்டும். செடித்தண்டு ஆடாமல் நின்றால் உச்சியில் வரும் பூந்தண்டு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். தவிர, செடி ஆடினால் புது வேரின் நுனி கரியில் உரசிக் கருகிவிடும். மழைக்காலத்தில் பூவில் தங்கும் தண்ணீரின் பாரம் வேறு. கூரைக்கு அடியில் நகர்த்துவதே வழி. சிக்கிமின் மாநில மலரான டென்ட்ரோபியம் நோபிலியில் நீண்ட பூந்தண்டே கிடையாது. கணுவுக்குக் கணு செடித்தண்டை ஒட்டியே பூக்கிறது.

வாண்டாவுக்கு வேறு தொல்லை. வேர் காற்றில் தொங்க, மரக்கூடையில் மாட்டப்பட்டிருக்கும் செடிக்குக் குச்சியை எங்கே நடுவது? நட வேண்டாம், அதன் தண்டு உறுதியானது. ஆனால் ஒற்றைக் கொக்கியில் தொங்கும் கூடை காற்றில் சுழன்றுகொண்டே இருந்தால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தண்டு முறுக்கிக்கொள்ளும். இரண்டு கொக்கியில் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

வாண்டா என்றதும் மேகாலயாவின் நீல வாண்டா நினைவுக்கு வராமல் போகாது. 1850-ல் காசி மலைக்குப் போன தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைச் சேகரித்தார். உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவை மிகச் சில என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்து வந்தவர்கள் அவரைவிட அடக்கமாக நடந்துகொள்ளவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் சேர்த்த பிரிவுகளின்படி நீல வாண்டாவும் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளும் பாதுகாக்கப்பட்டவை; காட்டிலிருந்து பிடுங்குவது குற்றம். மலைச் சுற்றுலாத் தலங்களில் சாலையோரம் கோணிப்பையில் வைத்து மலிவாக விற்கப்படும் செடிகளை வாங்காமல் இருப்பதற்குச் சட்டம் ஒரு காரணம். அவை சமவெளி வெக்கையில் ஒரு கோடைகூடத் தாங்குவதில்லை என்பது இன்னொன்று. அப்படிப்பட்ட செடி குச்சி தேவைப்படும் நிலையை எட்டுவதே அபூர்வம்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் தண்டு ஒடிவது உண்டு. பூனை தாவுகிறது, ஜன்னல் திரை இழுக்கிறது. உடனே வெட்டிப் போட்டுவிட வேண்டாம். மடங்கியிருக்கிறதே தவிர முழுதாகத் துண்டாகவில்லை என்றால், எலும்பு முறிவுக்குத் தப்பை வைத்துக் கட்டுவார்களே, அதே வைத்தியம்தான். மடங்கிய இடத்தை நேராக்கி, இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வைத்து, மேலும் கீழும் டேப் சுற்றி, அசையாமல் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பல சமயம் மொட்டு வாடாமல் பூத்துவிடும். முழுக்க ஒடிந்த துண்டைத் தண்ணீரில் வைக்கலாம்; முற்றிய மொட்டு விரியும், பிஞ்சு மொட்டு விரியாது. செடியில் மிஞ்சிய அடித்துண்டைக் கீழிருந்து இரண்டு மூன்று கணு விட்டு, கணுவுக்கு ஒரு விரல்கடை மேலே சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் சமையலறை இலவங்கப் பட்டையைப் பொடித்துத் தொட்டு வைக்கலாம். தெம்புள்ள செடியானால் சில வாரத்தில் அந்தக் கணுவிலிருந்து கிளை புறப்பட்டு, சற்றுச் சிறிய பூக்களோடு அதே பருவத்தில் பூக்கும். இலை தளர்ந்து சுருங்கிய செடியானால் அந்த ஆசை கூடாது. அடியோடு வெட்டிவிட்டு, வேரைக் கவனிப்பதே மேல்.

ஒடியாமலேயே மொட்டு மஞ்சளடித்து உதிர்ந்தால் குச்சிமேல் பழிபோடக் கூடாது. ஏ.சி. காற்று நேராகப் படுகிறதா, சாப்பாட்டு மேஜையில் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் விடுகிற எதிலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும்.

பூ முழுக்க உதிர்ந்த பிறகு குச்சியை வெடுக்கென்று உருவக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் வேர் அதைச் சுற்றி ஒட்டியிருக்கும். தொட்டியை நன்றாக நனைத்து, அரை மணி நேரம் விட்டு, திருகியபடி மெல்ல இழுத்தால் வரும். வராவிட்டால் கலவை மட்டத்துக்கு வெட்டிவிட்டு அடித்துண்டை உள்ளேயே விட்டுவிடலாம். தொட்டி மாற்றும்போது எடுத்துக்கொள்ளலாம். எடுத்த மூங்கில் குச்சியை அடுத்த செடிக்கு அப்படியே நடக் கூடாது. ஆர்க்கிட்டைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் சாறு வழியாகப் பரவுகிறது. ஒரு செடியின் காயம்பட்ட வேரைத் தொட்ட குச்சி அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும், வந்துவிட்டால் மருந்து கிடையாது. மூங்கில் குச்சி மலிவு. செடிக்குச் செடி புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம்.